மேசையில் விட்டுப்போன புத்தகங்கள்

ஜனவரி 6, திங்கள்

புத்தகக் கம்பெனிக்காரர் வருஷா வருஷம் ஒரு டைரி கொடுப்பார். நான் அதை வருஷா வருஷம் யார் கேட்டாலும் தூக்கிக் கொடுத்துவிடுவேன். இந்த வருஷம் எனக்கே வேண்டியிருக்கிறது. இருபத்தோரு வருஷமாக நூலகத்தில் குப்பை கொட்டுகிறேன், அதில் பதினைந்து வருஷம் உதவியாளராக, ஆறு வருஷம் நூலகராக. ஒரு வரி சொந்தமாக எழுதியதில்லை.

காலையில் முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். டாக்டர் தங்கபுஷ்பம், புள்ளியியல்காரர், ஜூன் மாதம்தான் வந்தார். எதைப் பேசினாலும் ஒரு வரைபடம் போட்டுத்தான் பேசுவார்.

"பியூலா, உக்காருங்க. மார்ச்சுல தரமதிப்பீட்டுக் குழு வருது. அதுக்குள்ள லாங்குவேஜ் லேப் வரணும். உங்க ஹால்ல வடக்குப் பாதியைக் குடுத்துருங்க."

"புத்தகத்தை எங்க மேடம் வைக்கிறது?"

"பதினோராயிரத்து நானூறு புத்தகம் வச்சிருக்கீங்க. அறுநூத்தி நாப்பது பிள்ளைங்க. யாரும் தொடாததெல்லாம் எதுக்கு? மூவாயிரத்தைக் கழிங்க. புதுசா ஐநூறு வாங்கித் தாரேன்."

எதைக் கழிப்பது என்பதற்கும் கையில் விதி வைத்திருந்தார். ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் தேதிச் சீட்டு ஒட்டியிருக்கும். யார் வீட்டுக்கு எடுத்துப்போனாலும் அதில் திருப்ப வேண்டிய தேதியை முத்திரை குத்துவோம். பத்து வருஷமாக ஒரு முத்திரைகூட இல்லாத புத்தகம் வெளியே. கணினியில் ஏற்ற ஆரம்பித்தே மூன்று வருஷம்தான் ஆகிறது, ஆகவே சீட்டுதான் சாட்சி என்றார்.

"சீட்டு பொய் சொல்லாதுல்லா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஜனவரி 7, செவ்வாய்

மாரிச்செல்வியும் நானும் தெற்கு மூலையிலிருந்து ஆரம்பித்தோம். அவள் ஐந்து வருஷமாக நூலக அட்டெண்டர். அவள் புத்தகத்தை எடுத்துப் பின்னட்டையைத் திறந்து நீட்டுவாள். நான் சீட்டைப் பார்த்து, சேர்க்கை எண்ணைப் பட்டியலில் எழுதுவேன், அல்லது "இருக்கட்டும்" என்பேன். சாயங்காலத்துக்குள் அறுநூறு பார்த்தோம். இருநூற்றிப் பத்து வெளியே.

ஜனவரி 8, புதன்

தூசி. நான் எத்தனை தும்மல் போட்டேன் என்று மாரிச்செல்வி எண்ணியிருக்கிறாள். நூற்றுப் பதினான்காம். வேறு வேலை இல்லை அவளுக்கு.

ஜனவரி 9, வியாழன்

துறைத் தலைவர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தேன்: உங்கள் பாடத்துக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று வந்து பார்த்துச் சொல்லுங்கள். ஒன்பது பேரில் இரண்டு பேர் வந்தார்கள்.

வேதியியல் அம்மா ஒரு பழைய புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, "இதைப் போட்ராதீங்க, நான் இதுலதான் படிச்சேன்" என்றார். நான்கு வருஷமாக நூலக வாசலை மிதிக்காதவர். கழிப்பறை சுத்தம் செய்யும் திரவத்தின் விலைப்பட்டியலை அந்தப் புத்தகத்துக்குள் அடையாளமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

வணிகவியல் அம்மா புதிதாக வாங்க ஒரே ஒரு புத்தகத்தைப் பரிந்துரைத்தார், இருபத்தைந்து பிரதி. யார் எழுதியது என்று பார்த்தேன். அவரேதான். கணவர் பெயரில் பதிப்பகம். "நல்ல சரக்கு" என்று நானும் எழுதி வைத்தேன். எனக்கும் தைரியம் அவ்வளவுதான்.

ஜனவரி 10, வெள்ளி

இன்று முன்வரிசை. வாசலில் நுழைந்ததும் கண்ணில் படும் நான்கு ராக்குகள். நிர்வாகக் குடும்பம் நன்கொடையாகத் தந்த தடித்தடிப் புத்தகங்கள், கலைக்களஞ்சியத் தொகுதிகள், விழா மலர்கள். எண்ணூறு இருக்கும்.

மாரிச்செல்வி முதல் புத்தகத்தைத் திறந்தாள். சீட்டு நிறைய முத்திரை. இரண்டாவதும் அப்படியே. பத்துப் பன்னிரண்டு பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

"எக்கா, இதயெல்லாம் யாருக்கா எடுத்தா? நான் வந்ததுலருந்து இந்த ராக்குல தூசிதான் தட்டுதேன். ஒரு பிள்ளையும் கை வச்சுப் பாத்ததில்ல."

"நீ வர்றதுக்கு முன்னாடி எடுத்திருப்பாங்க."

"இதப் பாருங்க. ஆகஸ்ட் பதினஞ்சுன்னு குத்தியிருக்கு. அன்னைக்குக் கொடியேத்தம்லா? லைப்ரரி பூட்டித்தான கெடக்கும்?"

"கை தவறியிருக்கும். வேலையப் பாரு, மணி மூணாகுது."

எண்ணூறும் இருக்கட்டும் என்று எழுதினேன். விதி அப்படித்தான் சொல்கிறது. இதெல்லாம் பொன்னையா சார் நூலகராக இருந்த காலத்தில் நடந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால், போன தடவை குழு வந்தபோது. எனக்கு மேலே அவர் இருந்தார், அவருக்கு மேலே ஆட்கள் இருந்தார்கள்.

ஜனவரி 13, திங்கள்

போகி. எங்கள் தெருவில் நாலைந்து வீட்டில் பழைய பாயைக் கொளுத்தினார்கள். புகை இங்கே வரைக்கும் வந்தது. ஜன்னலைச் சாத்தச் சொல்லி இவரிடம் கத்தினேன். "காலேஜ்ல என்ன ஆச்சு உனக்கு?" என்று கேட்டார். ஒன்றும் ஆகவில்லை என்றேன்.

ஜனவரி 17, வெள்ளி

பட்டியல் ஆயிரத்து நானூற்று எண்பதில் நிற்கிறது. முதல் லாரிக்கு அது போதும் என்றார் முதல்வர். மீதியை மாதக் கடைசியில் இரண்டாவது லாரியில் ஏற்ற வேண்டும்.

அவர் அறையில் ஒரு வரைபடம் ஒட்டியிருக்கிறார். எங்கள் நூலகத்தில் வருஷத்துக்கு எத்தனை புத்தகம் வெளியே போயிற்று என்று. கோடு தரையோடு தரையாக வருகிறது, ஏழு வருஷத்துக்கு முன்னால் மட்டும் விறுவிறுவென்று ஏறி உச்சிக்குப் போகிறது, பிறகு பள்ளத்தில் விழுகிறது.

"பாத்தீங்களா? அப்ப பிள்ளைங்க என்னமா படிச்சிருக்கு! நீங்க பொறுப்பு எடுத்த பிறகுதான் இப்படி இறங்கிப் போச்சு. ஏன்னு யோசிச்சீங்களா, பியூலா?"

யோசிக்கிறேன் மேடம் என்றேன். காது இரண்டும் சுட்டது. நானே கட்டிய உச்சியிலிருந்து என்னையே பிடித்துத் தள்ளுகிறார்கள்.

ஜனவரி 20, திங்கள்

பட்டியலின் நாற்பத்தொன்பது பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்த்துப் போட்டேனா என்றால், இல்லை.

ஜனவரி 21, செவ்வாய்

லாரி வந்தது. பழைய பேப்பர்காரர் தராசு கொண்டுவந்தார். ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் "கழிக்கப்பட்டது" என்று மாரிச்செல்வி குத்தக் குத்த, ஆட்கள் சாக்கில் அள்ளினார்கள். ஒரு கட்டத்தில் அவள் ஒரு பச்சை அட்டைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எக்கா, இதுவுமா?"

"பட்டியல்ல இருக்குதா?"

"இருக்கு."

"அப்ப என்ன கேள்வி?"

குத்திப் போட்டாள்.

ஜனவரி 22, புதன்

வடக்குப் பக்கத்தில் பேசினால் எதிரொலிக்கிறது. இரண்டு முறை வேண்டுமென்றே செருமிப் பார்த்தேன்.

ஜனவரி 23, வியாழன்

மூன்றாம் வருஷக் கணிதம் படிக்கும் ஒரு பெண் வந்தாள். முப்பிடாதி என்று பெயர். சங்கரன்கோவில் தாண்டி ஏதோ ஊர். முகம் தெரியும், தினமும் மதியம் மூலை மேசையில் உட்கார்ந்திருப்பாள். என்னிடம் பேசியதில்லை.

"மேடம், அந்தப் பச்சை அட்டை போட்ட பகுப்பாய்வு புத்தகம், கணக்கெல்லாம் தீர்த்து விளக்கம் போட்டிருக்கும்லா, அதக் காணல. கீழ்த்தட்டுல இருக்கும்."

"யாராவது எடுத்துட்டுப் போயிருப்பாங்கம்மா" என்றேன்.

"யாரு மேடம்? எங்க கிளாஸ்ல யாரும் எடுக்க மாட்டாங்களே."

"பாத்துச் சொல்லுதேன்."

அவள் நகரவில்லை. "பிப்ரவரி ஒன்பது எம்.எஸ்ஸிக்கு நுழைவுத்தேர்வு மேடம். நவம்பர்லருந்து அதத்தான் படிக்கேன். இருநூத்திப் பன்னெண்டாவது பக்கத்துல இருக்கேன்."

"அவ்வளவு வேணும்னா நீயே வீட்டுக்கு எடுத்திருக்க வேண்டியதுதான?" என்று எரிந்து விழுந்தேன். தப்பு செய்தவளுக்குத்தான் கோபம் முந்திக்கொண்டு வரும் போலிருக்கிறது.

அவள் சுவரைக் காட்டினாள். நான் எழுதி ஒட்டிய அறிவிப்பு. புத்தகம் தொலைந்தாலோ கிழிந்தாலோ மூன்று மடங்கு விலை, கட்டும்வரை ஹால் டிக்கெட் கிடையாது. "எங்க பஸ்ல நிக்கவே எடம் இருக்காது மேடம். வீட்டுல தம்பிங்க ரெண்டு பேரு. கிழிச்சிட்டா என்ன செய்ய? அதான் இங்கயே உக்காந்து படிக்கேன். எல்லாரும் அப்படித்தான்."

எல்லாரும் அப்படித்தான். அவள் போன பிறகும் அது காதிலேயே நிற்கிறது.

ஜனவரி 24, வெள்ளி

மறுபடியும் வந்தாள். "எப்ப மேடம் திருப்புவாங்க?" திங்கட்கிழமை என்றேன். இல்லாத ஆளுக்குத் திருப்பும் தேதி கொடுத்தேன். இதில் எனக்குப் பழக்கம் உண்டே.

மாரிச்செல்வி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். பெண் போகும்வரை பொறுத்திருந்தாள்.

"அந்தப் பிள்ளைக்கு ஏன்க்கா பொய் சொல்லுதீங்க? அன்னைக்கே கேட்டேன்லா, இதுவுமான்னு?"

"சீட்டுல ஒரு முத்திரை இல்ல மாரி. நான் என்ன செய்ய?"

"சீட்டு என்ன சீட்டு! சாயங்காலம் நாலரைக்குப் பிள்ளைங்க பஸ்ஸுக்கு ஓடினப்பறம் மேசையில விட்டுட்டுப் போறத ராக்குல எடுத்து வைக்கது யாரு? நான். அஞ்சு வருஷமா. எத எங்க எடுத்து வைக்கேன்னு எனக்குத் தெரியாதா? எந்தப் புத்தகம் தெனம் மேசைக்கு வருதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. நூலக அறிவியலில் முதுகலை படித்தவள் நான். மேசையில் விட்டுப்போன புத்தகத்தையும் எண்ண வேண்டும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவள்தான்.

ஜனவரி 25, சனி

கோவில்பட்டிக்குப் பஸ் ஏறி பழைய பேப்பர்காரர் கிடங்குக்குப் போனேன். காலேஜ் அம்மா என்று ஸ்டூல் போட்டார், டீ வாங்கிவரச் சொன்னார்.

"பச்சை அட்டையாம்மா? அட்டையெல்லாம் அன்னைக்கே பிச்சாச்சு. தாளு வியாழக்கிழமையே சிவகாசிப் பக்கம் போயிட்டு, வெடிக்குழா உருட்ட. நல்ல கெட்டித் தாளும்மா உங்களுது. இன்னும் இருக்குன்னாங்க, எப்ப தருவீங்க?"

டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மதுரையில் இரண்டு கடை, சென்னையில் ஒரு கடை என்று போன் போட்டேன். அச்சில் இல்லை, தேடிப் பிடித்து அனுப்ப மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அனுப்புங்கள் என்றேன். தேர்வுக்குப் பதினைந்து நாள்தான் இருக்கிறது.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றத்துக்குப் போய்விட்டு வந்தேன். ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள், கையிலேயே உருகிவிட்டது.

உட்கார முடியவில்லை. எழுந்து பாத்திரம் விளக்கினேன், விளக்கியதையே மறுபடி விளக்கினேன். சரி, எழுதித் தொலைக்கிறேன்.

பொன்னையா சார் காலத்தில் நடந்தது என்று பத்தாம் தேதி எழுதியிருக்கிறேன். காலம் அவருடையது, கை என்னுடையது. குழு வருவதற்கு ஒரு வாரம் முன்னால், நம் நூலகத்தில் புத்தகமே வெளியே போவதில்லையே என்று அப்போதைய முதல்வர் சத்தம் போட்டார். யோசனை சொன்னது நான்தான். "சார், முன்னாடி ராக்குலருந்துதான் எடுத்துப் பாப்பாங்க. அதுல தேதி குத்தி வச்சிரலாம்." பொன்னையா சார் டீ குடிக்கப் போகிறேன் என்று போனவர் ஆறு மணிவரை திரும்பி வரவில்லை. மறுநாளும் அதே நேரத்துக்கு டீ குடிக்கப் போனார். வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

மூன்று நாள் நான் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு குத்தினேன். முத்திரையின் சக்கரத்தை ஒவ்வொரு நாளாகத் தள்ளிக்கொண்டே போனேன், காலண்டரைப் பார்க்கத் தோன்றவில்லை. அதனால்தான் சுதந்திர தினத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் புத்தகம் திரும்பியிருக்கிறது. பேரேட்டிலும் அதற்கேற்ற எண்ணிக்கையை நானே ஏற்றினேன். குழு வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனது. பொன்னையா சார் ஓய்வுபெற்றதும் அந்த நாற்காலி எனக்குக் கிடைத்தது.

இப்போது அந்த எண்ணூறு பொய்யும் ராக்கில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. பிள்ளைகள் மேசையில் வைத்துப் படித்ததெல்லாம் வெடிக்குழாய் ஆகிறது.

ஜனவரி 27, திங்கள்

முதல்வரிடம் சொன்னேன். நின்றுகொண்டே, நாலே வாக்கியத்தில். அவர் முதலில் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான் மேடம். அந்த முன்வரிசையைக் கழிச்சிட்டு, ரெண்டாவது பட்டியலை நிறுத்திருங்க. சீட்டை நம்ப முடியாது. ஒரு மாசம் டைம் குடுங்க, மேசையில என்ன படிக்காங்கன்னு எண்ணித் தாரேன்."

"பியூலா, அந்த எண்ணிக்கையை வச்சுத்தான் போன தடவை கிரேடு வாங்கியிருக்கோம். இப்ப அது பொய்யின்னு நீங்க எழுதுனா காலேஜ் என்ன ஆகும்? வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு லாரி வருது. லேப்புக்குச் சாமான் திங்கக்கிழமை இறங்குது." பிறகு குரல் இறங்கியது. "பிள்ளைங்க படிக்கது போகக்கூடாது, அதானே உங்களுக்கு? ஒரு முன்னூறு புத்தகத்துக்கு ரெண்டு ரெண்டு தேதி குத்திருங்க. பட்டியல்லருந்து எடுத்துரலாம். முந்தியே செஞ்சதுதான?"

கெட்டவர் இல்லை அவர். எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைக்கிறார்.

ஜனவரி 28, செவ்வாய்

மாரிச்செல்வியை வங்கிக்கு அனுப்பிவிட்டு முத்திரையை எடுத்தேன். நல்ல காரியத்துக்குத்தானே என்று சொல்லிக்கொண்டேன். பதினொரு புத்தகத்தில் குத்தினேன். இந்தத் தடவை காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஞாயிறு வராமல் பார்த்துப் பார்த்துக் குத்தினேன். கை என்ன சரளமாகப் போகிறது! அதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன்.

பதினொரு சீட்டையும் கிழித்துப் போட்டுவிட்டு வெற்றுச் சீட்டு ஒட்டினேன். பிறகு ஒரு வெள்ளைத்தாளில் நடந்ததை எல்லாம் எழுதி, என் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டேன்.

ஜனவரி 29, புதன்

கடிதத்தைக் கொடுத்தேன். முதல்வர் படித்தார், நாலாக மடித்தார், என் கையிலேயே திருப்பி வைத்தார். "இத நான் பாக்கல. வெள்ளிக்கிழமைக்கு மேல ஒரு வாரம் லீவு போட்டு ரெஸ்ட் எடுங்க."

ஜனவரி 30, வியாழன்

மதியம் முப்பிடாதி வந்தாள். திங்கட்கிழமை வரும் என்றேன், வரவில்லை. புதன்கிழமை என்றேன், வரவில்லை. அவள் முகத்தில் கோபம்கூட இல்லை.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. "அத யாரும் எடுக்கலம்மா. நான்தான் கழிச்சேன். லாரியில போயிட்டு. தேடிப் போனேன், கிடைக்கல. உங்கிட்டப் பொய் சொன்னேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன், அழுவாள் என்று பயந்தேன். அவள் திரும்பி ராக்குகளைப் பார்த்தாள். இரண்டாவது பட்டியலில் உள்ளவற்றுக்கு மாரிச்செல்வி சிவப்புச் சாக்பீஸால் தட்டில் கோடு போட்டிருந்தாள்.

"சிவப்புக் கோடு போட்டதெல்லாம் போகுதா மேடம்?"

"ஆமா."

"எப்ப?"

"நாளைக்கு."

"எத்தன மணிக்கு மேடம்? அதுக்குள்ள பாக்கணும்."

சொல்லிவிட்டுக் கையில் நோட்டை எடுத்துக்கொண்டு கோடு போட்ட தட்டின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு புத்தகத்தைப் பிரித்துக் கணக்கு ஒன்றை வேகவேகமாகக் காப்பி எடுக்க ஆரம்பித்தாள். என்னைத் திட்டக்கூட அவளுக்கு நேரம் இல்லை.

அப்போதுதான் புத்திக்கு எட்டியது. வெளியே போயிருக்கும் புத்தகத்தைக் கழிக்க முடியாது. இது எந்தச் சின்ன நூலகத்திலும் முதல் பாடம். புத்தகம் கையில் இருந்தால்தான் கழிவு முத்திரை. வாசகர் கையில் இருந்தால் அது வாசகருடையது, திருப்பும் தேதிவரை யாரும் தொட முடியாது.

சுவரில் ஒட்டியிருந்த மூன்று மடங்கு அறிவிப்பை நகத்தால் சுரண்டிக் கிழித்தேன். நான் எழுதியது, நான் கிழிக்கலாம்.

"முப்பிடாதி, எழுதாத. எந்திரி. உங்க கிளாஸ்ல போய்ச் சொல்லு. எல்லா கிளாஸ்லயும் சொல்லு. ஆளுக்கு ரெண்டு புத்தகம், கோடு போட்டதுலருந்து. தொலைஞ்சா ஹால் டிக்கெட்டுக்கு நான் பொறுப்பு."

"நெசமாவா மேடம்?"

"ஓடு!"

நாலு மணிக்குள் நூற்று எழுபது பெண்கள். மாரிச்செல்வி யாரும் சொல்லாமலே ராக்குக்கும் கவுன்டருக்கும் ஓடினாள். "ஏட்டி, நீ தெனம் பாக்கது மேல்தட்டுல இருக்கு, எடுத்துக்கோ" என்று ஒவ்வொருத்திக்கும் எதைக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஜனவரி 31, வெள்ளி

எட்டு மணிக்கே திறந்தோம். வரிசை படிக்கட்டு இறங்கி செம்பருத்திச் செடிவரை நின்றது. குத்திக் குத்தி வலது கட்டைவிரல் வீங்கிவிட்டது. எழுதியதெல்லாம் நிஜப் பெயர், நிஜத் தேதி. ஒரு முதலாம் வருஷக்காரி வாழ்க்கையில் முதல் தடவையாகப் புத்தகம் வீட்டுக்குக் கொண்டுபோகிறாளாம், இரண்டையும் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டாள்.

மூன்று மணிக்கு லாரி வந்தது. கோடு போட்டிருந்த ஆயிரத்து ஐநூற்று இருபதில் தொள்ளாயிரத்து நாற்பது வெளியே போயிருந்தது. மீதி ஐநூற்று எண்பதை யாரும் கேட்கவில்லை. அதை மனசாரக் கையெழுத்துப் போட்டு ஏற்றிவிட்டேன். முன்வரிசை எண்ணூறையும் சேர்த்து ஏற்றச் சொன்னேன். பேப்பர்காரர் அந்தத் தாளைத் தடவிப் பார்த்து மகிழ்ந்துபோனார்.

முதல்வர் வாசலில் வந்து நின்றார். காலித் தட்டுகளைப் பார்த்தார், கவுன்டரைப் பார்த்தார். ராக்குகள் காலியானதால் வடக்குப் பாதி அவருக்குக் கிடைத்துவிட்டது. புத்தகங்கள் திரும்பி வரும்போது எங்கே வைப்பது என்பது தனிச் சண்டை.

"மெமோ வரும், பியூலா."

"வரட்டும் மேடம். பதிலா அந்தக் கடிதத்தையே தாரேன். இந்தத் தடவை தபால்ல, ஒப்புகைச் சீட்டோட."

சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மெமோ வந்தது. நூலகர் பொறுப்பிலிருந்து விசாரணை முடியும்வரை விலகியிருக்க வேண்டும். கடிதத்தைத் தபாலில் சேர்த்தேன், நிர்வாகத்துக்கும் ஒரு பிரதி. போவதற்கு முன்னால், புதிதாக வாங்க வேண்டிய ஐநூறு புத்தகத்துக்குப் பட்டியல் போட்டேன். மாரிச்செல்வி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வணிகவியல் அம்மாவின் இருபத்தைந்தை அடித்துவிட்டேன். "யார் போட்ட பட்டியல்னு எழுதட்டும்?" என்று கேட்டேன். "எம்பேர எழுதுங்க, என்ன செஞ்சிருவாங்க" என்றாள். எழுதினேன்.

பிப்ரவரி 6, வியாழன்

வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. சென்னைக் கடைக்கு நாலாவது தடவை போன் போட்டேன். இன்னும் கிடைக்கவில்லையாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று முப்பிடாதிக்குத் தேர்வு. திருநெல்வேலியில் மையம். பத்து மணிக்கு ஆரம்பம்.

சர்ச்சுக்குப் போனேன், ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொள்ளாயிரத்து நாற்பது புத்தகத்தைக் காப்பாற்றினாயே என்று இவர் ஆறுதல் சொல்கிறார். உண்மைதான். ஆனால் அவள் இருநூற்றிப் பன்னிரண்டு பக்கத்தோடு எழுதப் போயிருக்கிறாள். மீதியை லாரியில் ஏற்றியது நான்.